பழம் பறிக்கும் ஓவியங்கள்: ஏவாளின் கையா, கூலிக்காரியின் கையா?

தூரிகை:

பிரான்சில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாட் என்றாலே தாயும் குழந்தையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் அதையே போட்டுப் போட்டு அவரைத் தாலாட்டு ஓவியராக்கிவிட்டார்கள். அவர் வரைந்ததிலேயே பெரிய ஓவியத்தின் சங்கதி வேறு.

1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் மகளிர் கட்டடம் என்று தனியாக ஒன்று எழுப்பினார்கள். கட்டடத்தை வடிவமைத்ததும் ஒரு பெண், சோஃபியா ஹேடன். அதன் பெரிய கூடத்தின் இரு முனைகளிலும் மேலே எதிரெதிராக இரண்டு சுவரோவியங்கள். ஒரு பக்கம் மேரி மக்மானிஸ் வரைந்த 'ஆதிகாலப் பெண்'. எதிர்ப் பக்கம் கசாட்டின் 'நவீனப் பெண்'. கசாட்டினுடையது மூன்று பகுதிகள். இடப்பக்கம் இளம்பெண்கள் புகழைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள், அவர்கள் காலடியில் வாத்துக் கூட்டம். வலப்பக்கம் இசையும் நடனமும். நடுவில், மூன்றிலும் பெரிதாக, ஒரு பழத்தோட்டம். தலைப்பு: 'அறிவின் கனிகளைப் பறிக்கும் இளம்பெண்கள்'. ஏணி வைத்துப் பறிக்கிறார்கள், பறித்ததைக் கைமாற்றுகிறார்கள், பெரியவள் ஒருத்தி சின்னப் பெண்ணுக்குக் கொடுக்கிறாள். எல்லோரும் அந்தக் காலத்து நாகரிக உடையில். ஆண் என்று ஒருவன்கூட இல்லை. பாம்பும் இல்லை.

ஆதியாகமத்தில் பெண் கையை நீட்டிக் கனியைப் பறித்ததால்தான் மனித குலத்துக்கே தண்டனை. ஐரோப்பிய ஓவியம் அந்தக் கையை நூற்றாண்டுக் கணக்கில் குற்றவாளியின் கையாகவே வரைந்துவந்தது. கசாட் ஏவாளுக்கு மன்னிப்பு வாங்கித் தரவில்லை, வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டார் என்பது என் கட்சி. பறி, சாப்பிடு, அடுத்தவளுக்கும் கொடு. உங்கள் கருத்து என்ன?

கரிக்கோடு:

தூரிகை, இவ்வளவு சுமையை அந்தப் பழத்தின் மேல் ஏற்ற வேண்டுமா? 1890களில் பிரான்சில் பழம் பறிப்பது ஓவியர்களுக்குப் பிடித்த காட்சி. பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோ 1891இல் 'செர்ரி மரம்' வரைந்தார், இப்போது பாரிஸ் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏணியில் ஒரு பெண், கீழே கூடையை உயர்த்திப் பிடித்தபடி இன்னொருத்தி. மேலே மகள் ஜூலி, கீழே மொரிசோவின் அக்கா மகள். பாதியில் மாடலை மாற்றி, ஏகப்பட்ட முன்வரைவுகள் போட்டு முடித்தார். அதில் ஏவாளும் இல்லை, அறிவின் கனியும் இல்லை. நீளமான கித்தானை மேலிருந்து கீழ்வரை நிரப்ப ஏணியும் தூக்கிய கைகளும் வசதி, அவ்வளவுதான்.

கசாட்டும் மொரிசோவும் நெருங்கிப் பழகியவர்கள். 1890இல் பாரிசில் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளின் பெரிய கண்காட்சி நடந்தபோது, வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று மொரிசோவுக்குக் கசாட் எழுதினார். மரமும் பெண்களும் தட்டையான வண்ணமும் சேர்ந்த அந்த அமைப்பு அங்கிருந்து வந்தது. முதலில் வடிவம், அப்புறம்தான் அர்த்தம். தலைப்பு எல்லாம் கண்காட்சிக் குழுவைத் திருப்திப்படுத்த.

தூரிகை:

மொரிசோ விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அது கோடைக்கால மதியம், அவ்வளவே. ஆனால் கசாட் தலைப்பைப் பேருக்கு ஒட்டவைக்கவில்லை. இந்த வேலைக்கு அவரை 1892இல் அழைத்தவர் மகளிர் குழுத் தலைவி பெர்தா பாமர். அவருக்குக் கசாட் எழுதிய கடிதம் இருக்கிறது. ஒரு அமெரிக்க நண்பர் கொஞ்சம் கடுப்பாக, "அப்படியென்றால் இது ஆணோடு சம்பந்தமே இல்லாத பெண்ணா?" என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்கிறார் கசாட். ஆண்களை அவர்களுடைய வீரியத்தோடு மற்றக் கட்டடங்களின் சுவர்களில் நிறையவே வரைந்திருப்பார்கள் என்றும் ஒரு குத்து. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தவர் எழுதும் கடிதம் அது.

இன்னொன்று. பெண்கள் கல்லூரிக்குப் போனால் மூளைக்குப் போகும் ரத்தம் கருப்பைக்குப் போகாது, பிள்ளைப்பேறு கெட்டுவிடும் என்று பாஸ்டன் மருத்துவர் ஒருவர் 1873இல் புத்தகமே எழுதினார். பல பதிப்புகள் விற்றது. கசாட் பிறந்த பென்சில்வேனியாவில் 1885இல் பிரின் மார் பெண்கள் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பயம் ஓயவில்லை. இந்தச் சூழலில் ஒரு பெண் 'அறிவின் கனி' என்று சொல்லி, அதைப் பறித்துச் சின்னப் பெண்ணிடம் கொடுக்கும் காட்சியை வரைகிறார். அதே சமயத்தில் வரைந்த 'ஆப்பிளுக்குக் கை நீட்டும் குழந்தை' (ரிச்மண்டில் இருக்கிறது) படத்தை எடுத்துப் பாருங்கள். ரோஜா நிற உடையில் தாய், இடுப்பில் துணியில்லாத குழந்தை. தாய் கிளையைக் கீழே வளைத்துப் பிடித்திருக்கிறாள், குழந்தையின் கை ஆப்பிளின் மேல். ஒரு கை கிளையில், ஒரு கை பழத்தில். படித்தவளுக்குப் பிள்ளை தங்காது என்றவருக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

வெட்டிப்பேச்சு:

அந்த டாக்டர் நம்ம சொந்தக்காரர் போலிருக்கே. எங்க சித்தப்பா 1998இல் இதையேதான் எங்க அக்காகிட்ட சொன்னார். ரத்தக் கணக்கு மட்டும் சொல்லலை.

மலைத்தோட்டம்:

எனக்கு ஓவிய வரலாறு தெரியாது. எங்களுக்குக் கொடைக்கானல் பக்கம் பேரிக்காய் மரங்கள் உண்டு, பறிக்கத் தெரியும். அந்தக் கண்ணோடு ரெண்டு விஷயம்.

பேரிக்காயை இழுத்துப் பிடுங்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கிச் சாய்த்தால் முற்றிய காய் காம்போடு கழன்று வரும். இழுத்தால் காம்பு ஒடியும், அடுத்த வருஷம் பூக்க வேண்டிய முடிச்சும் பேர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு காயையும் கையால் தொட்டுப் பறிப்பது சாப்பிடுவதற்கோ நல்ல விலைக்கோ. கசாட்டின் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பறிக்கிறார்கள்.

பிரான்சில் வரைந்த கமீல் பிசாரோவின் ஆப்பிள் அறுவடைகளைப் பாருங்கள். 1888இல் எராஞியில் வரைந்தது, டல்லாஸில் இருக்கிறது. புள்ளிப் புள்ளியாக வைத்து வரைந்த படம். ஒருவன் நீளக் கழியைக் கிளைக்குள் விட்டு உலுக்குகிறான், பெண்கள் குனிந்து பொறுக்குகிறார்கள். விழுந்து அடிபட்ட ஆப்பிளை மேசைக்கு வைக்க முடியாது, அது சைடருக்கு, அதாவது ஆப்பிள் மதுவுக்கு. எராஞி நார்மண்டி எல்லையில் இருக்கிற கிராமம், அங்கே ஆப்பிள் என்றாலே பாதி சைடர்தான். ஒரே பழம், ஒரே நாடு. ஒரு படத்தில் தோட்டத்துச் சொந்தக்காரர்கள், இன்னொன்றில் வேலையாட்கள். கழியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், பட்டு உடுத்திக்கொண்டு ஏணியில் ஏறி ஒரு நாள் முழுக்கப் பறித்தால் எப்படி இருக்கும் என்று கசாட் அம்மாவைக் கேட்க வேண்டும்.

கரிக்கோடு:

மலைத்தோட்டம், இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பழம் எதைக் குறிக்கிறது என்று கேட்பதைவிட, யார் பறிக்கிறார்கள், யார் தின்கிறார்கள் என்று கேட்டால் படம் தானாகவே பேசும்.

ஸ்பானிய ஓவியர் கோயாவின் 'திராட்சை அறுவடை', 1786. எல் பார்டோ அரண்மனைச் சாப்பாட்டு அறையில் தொங்கப்போகும் திரைச்சீலைக்கான மாதிரிப் படம், இப்போது மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில். நான்கு பருவங்களில் இது இலையுதிர்காலம். மஞ்சள் உடை போட்ட கனவான் கல் திண்டில் உட்கார்ந்து ஒரு சீமாட்டிக்குக் கருந்திராட்சைக் குலையை நீட்டுகிறார். சின்னப் பையன் ஒருவன் கையை நீட்டி எனக்கு எனக்கு என்கிறான். பின்னால் ஒரு பெண் தலையில் திராட்சைக் கூடையோடு நிமிர்ந்து நிற்கிறாள். அவளுக்கும் பின்னால், பொட்டுப் பொட்டாக, குனிந்து அறுப்பவர்கள். கூடைக்காரியின் கை எந்தப் பழத்தையும் தின்ன நீளவில்லை, கூடையைத்தான் தாங்குகிறது. இலையுதிர்காலம் என்ற குறியீட்டுக்குள்ளேயே ஊர்ப் படிநிலை முழுவதும் வந்துவிட்டது. கோயா வேண்டுமென்றே செய்தாரா என்பது வேறு கேள்வி. அரண்மனைக்காரர்கள் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்க வேண்டும்.

கசாட்டின் தோட்டத்தில் கூடைக்காரி எங்கே?

சாம்பல்நீலம்:

நல்ல கேள்வி. அதற்கு முன் ஒரு வாரத்துக் கதையைச் சொல்கிறேன், இந்த விவாதத்தின் இரண்டு கட்சிகளும் அதில் இருக்கின்றன.

1888 நவம்பர் தொடக்கம், தெற்குப் பிரான்சில் ஆர்ல் நகரம். வான்கோவும் பால் கோகனும் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார்கள். ஞாயிறு மாலை, மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. இருவரும் நடந்துபோகும்போது ஒரு திராட்சைத் தோட்டம் அந்தி வெயிலில் சிவப்பாகத் தெரிகிறது. அதை நினைவிலிருந்து வான்கோ வரைந்ததுதான் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்'. 1890இல் பிரசல்ஸ் கண்காட்சியில் அன்னா போக் என்ற ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார். இப்போது மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில். படத்தில் யாருக்கும் தனி முகம் கிடையாது. நீல உடைகள், குனிந்த முதுகுகள், வலப்பக்கம் ஈர நிலத்தில் மஞ்சள் வெளிச்சம். குறியீடு என்று எதையும் அவர் சொருகவில்லை.

அதே அறுவடையைக் கோகனும் வரைந்தார். முன்னால் ஒரு பெண் முகத்தைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் குவிந்த சிவப்பு. தள்ளி நிற்கும் பெண்கள் பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரெட்டனி பகுதி உடையில் இருக்கிறார்கள், ஆர்லில் அப்படி யாரும் உடுத்த மாட்டார்கள். நிஜத்தோடு ஒத்துவராவிட்டால் போகட்டும் என்று கடிதத்திலும் எழுதிவிட்டார். 'மனிதத் துயரம்' என்று பெயர், டென்மார்க்கில் ஓர்ட்ருப்கார்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பறித்துத் தின்றபின் வருந்தும் ஏவாள் என்று அவளைப் படிக்கிறவர்கள் உண்டு. அங்கே அறுவடை வெறும் சாக்கு.

ஒரு வருஷம் கழித்து இந்தப் பிளவு இன்னும் வெளிப்படையாகிறது. கோகனும் இன்னொரு ஓவிய நண்பர் எமில் பெர்னாரும், கெத்செமனே என்ற ஒலிவத் தோட்டத்தில் வேதனைப்படும் கிறிஸ்துவை வரைகிறார்கள். வான்கோவுக்கு அது பிடிக்கவில்லை. வேதனையைச் சொல்லக் கெத்செமனேயையே வரைய வேண்டியதில்லை என்று பெர்னாருக்குக் கறாராக எழுதுகிறார். அவரும் முன்பு ஒலிவத் தோட்டத்துக் கிறிஸ்துவை முயன்று, தானே சுரண்டி அழித்தவர். 1889 டிசம்பரில் சான்ரெமியில் ஒலிவக்காய் பறிக்கும் பெண்களை மூன்று முறை வரைந்தார். ஏணியில் ஒருத்தி, கீழே இருவர். நிலம் ஊதா, வானம் முழுக்க இளஞ்சிவப்பு. அந்த மூன்று உருவங்களும் இளஞ்சிவப்பு என்று தம்பிக்குக் கணக்காகச் சொல்கிறார். ஒரு பிரதி அம்மாவுக்கும் தங்கைக்கும் என்று வைத்தார். எனக்கு இந்தப் படத்தில் கிறிஸ்து இல்லாததே பெரிய பக்தியாகப்படுகிறது. காய் பறிக்கும் மூன்று பெண்களுக்குக் கோயில் விதானத்துக்குப் பூசும் நிறத்தைக் கொடுத்திருக்கிறார்.

கரிக்கோடு கேட்டதற்கு: கசாட்டின் தோட்டத்தில் கூடைக்காரி இல்லை. இருக்கவும் முடியாது. அவர் வரைந்தது 'நவீனப் பெண்' என்றாலும், அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வேலைக்காரி உண்டு. மாதிரியாக நின்றவர்கள் கிராமத்துப் பெண்கள்தான் என்றாலும்கூட உடுத்தியது பாரிஸ் தையல்.

தூரிகை:

சாம்பல்நீலம், கடைசிப் பத்தியை மறுப்பதற்கில்லை. தனவந்தர் வீட்டுப் பெண் கசாட். அப்பா பிட்ஸ்பர்க் பக்கத்துப் பங்குத் தரகர். ஆனால் கோகனைக் கொண்டுவந்தீர்களே, நல்லதாகப் போயிற்று. 1892ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் தாஹித்தியில் கோகன் ஒரு ஏவாளை வரைகிறார். அங்கே ஆப்பிளும் பாம்பும் இல்லை என்பதால் மயில்தோகை போன்ற ஒரு பூ, செந்நிறச் சிறகுள்ள பல்லி. பெண் ஆடையில்லாமல் நம்மைப் பார்த்து நிற்கிறாள். அவருக்கு மாதிரியாகவும் துணைவியாகவும் இருந்தவளுக்குப் பதின்மூன்று வயது அளவில்தான். அதே வருஷம் பாரிசுக்கு வடக்கே பாஷிவில்லியே மாளிகையில் கசாட் கண்ணாடிக் கூரைப் பட்டறை கட்டி, தரையில் பள்ளம் வெட்டி, 58 அடி நீள ஓவியத்தின் கித்தான்களை அதில் இறக்கி இறக்கி வரைகிறார். ஏணியில் ஏறி நின்று வரைவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ஏவாள்கள் உடுத்தியிருக்கிறார்கள். பார்ப்பவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, பழத்திலேயே கவனம்.

ஒருவருக்குப் பறிக்கும் பெண் பார்த்து ரசிக்க. மற்றவருக்கு அவளுக்கு வேலை இருக்கிறது. எனக்கு எந்த ஏவாள் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

வெட்டிப்பேச்சு:

சித்தன்னவாசலை யாரும் சொல்லலையே? நம்ம ஊர்லயே தடாகத்துல இறங்கிப் பறிக்கிறாங்களே.

கரிக்கோடு:

அது தாமரை. பூப்பறிப்பு வேறு இழை.

நாவல்மரம்:

சித்தன்னவாசல் பூவாக இருக்கலாம், சமணம் பழத்தையும் விட்டுவைக்கவில்லை. இங்கே எல்லோரும் ஏவாளையே சுற்றி வருவதால் இதைச் சொல்கிறேன்.

லேசியை மரம் என்று ஒரு படம் உண்டு. லேசியை என்றால் மனநிலைக்கேற்ப உயிரில் படியும் நிறம் என்று சமணர் சொல்வது. சுவடிகளிலும் கோயில் சுவர்களிலும் திரும்பத் திரும்ப வரையப்படுவது. சிரவணபெளகொளாவில் ஜைன மடத்துச் சுவரோவியங்களிலும் இருக்கிறது. பசியோடு காட்டில் போகும் ஆறு பேர் ஒரு பழமரத்தைப் பார்க்கிறார்கள், கதையில் பெரும்பாலும் நாவல். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்கலாம் என்கிறான். இரண்டாமவனுக்குப் பெருங்கிளை போதும். மூன்றாமவனுக்குச் சிறுகிளை. நான்காமவன் கொத்தாக ஒடிக்கப் போகிறான். ஐந்தாமவன் பழுத்ததை மட்டும் பறிக்கிறான். ஆறாமவன் கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்குகிறான். ஆறு மனநிலைகளுக்கும் ஆறு நிறங்கள். முதலாமவன் கருப்பு, அடுத்தடுத்து நீலம், சாம்பல் என்று வெளுத்துக்கொண்டே வந்து கடைசி ஆள் வெள்ளை. ஓவியன் ஆட்களின் உடம்புக்கே அந்த நிறங்களைப் பூசிவிடுவதும் உண்டு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

கவனியுங்கள், இங்கே பழம் விலக்கப்பட்டதே இல்லை. ஆறு பேருக்கும் பசி நியாயம்தான், ஆறு பேரும் தின்னப்போகிறார்கள். மரத்துக்கு எவ்வளவு வலி என்பதுதான் கணக்கு. ஐரோப்பியப் படங்களில் மேலே நீளும் கை பெரிய விஷயம், குனிந்து பொறுக்குகிறவள் ஏழை. லேசியை மரத்தில் மரத்தையே சாய்ப்பவன் தாழ்ந்தவன், குனிந்து பொறுக்குகிறவன் உயர்ந்தவன். பிசாரோவின் பொறுக்கும் பெண்களை அந்தப் பழக்கத்தோடு ஒருமுறை பார்த்துவிட்டேன். இப்போது அந்தப் படத்தில் கழிக்காரன்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகவே இருக்கிறது.

மலைத்தோட்டம்:

நாவல்மரம் ஐயா, தத்துவம் அருமை. ஆனால் உதிர்ந்ததை மட்டும் பொறுக்கினால் வண்டு விழுந்ததுதான் கிடைக்கும். ஐந்தாமவன் கட்சியில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல்நீலம்:

கசாட்டின் சுவரோவியம் இப்போது எங்கே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். எங்கேயும் இல்லை. கண்காட்சி முடிந்து கழற்றினார்கள், அப்புறம் காணாமலே போய்விட்டது. மக்மானிஸுடையதும் அப்படியே. நமக்கு மிஞ்சியது புகைப்படங்களும் அச்சுப் பிரதிகளும். அந்தக் காலத்து விமர்சகர்கள் பலருக்கும் அது பிடிக்கவில்லை. தரையிலிருந்து வெகு உயரத்தில் மாட்டியதால் உருவங்கள் சிறுத்துத் தெரிந்தன, வண்ணம் கண்ணை உறுத்துகிறது என்று வேறு குறை. எதிர்ச்சுவரில் இருந்த மக்மானிஸின் மங்கல் வண்ணத்தைப் புகழ்ந்தார்கள்.

தப்பித்தது அதன் உறவுக்காரப் படங்கள்தான். 'பழம் பறிக்கும் இளம்பெண்கள்' பிட்ஸ்பர்க் கார்னகி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1922இல் வாங்கினார்கள். ஒருத்தி உட்கார்ந்திருக்க, இன்னொருத்தி எழுந்து நின்று கிளைக்குக் கை நீட்டுகிறாள். அந்தக் கையின் கோட்டைப் பார்த்துவிட்டு, இப்படி வரைய எந்தப் பெண்ணுக்கும் உரிமையில்லை என்றாராம் பிரெஞ்சு ஓவியர் டெகா. கசாட்டே வயதான காலத்தில் சொன்ன தகவல். டெகா நண்பர்தான், அவர் வாயில் பாராட்டு அந்த வடிவத்தில்தான் வரும்.

தூரிகை:

அந்த வாக்கியத்தில் பாராட்டைவிட உரிமை என்ற சொல்தான் எனக்குக் கேட்கிறது. 1915இல் நியூயார்க்கில் பெண்கள் வாக்குரிமைக்கு நிதி திரட்ட ஒரு ஓவியக் காட்சி வைத்தார்கள். ஏற்பாடு கசாட்டின் தோழி லூயிசின் ஹேவ்மயர். அதில் கசாட்டின் படங்களோடு டெகாவின் படங்களையும் மாட்டினார்கள். டெகாவுக்கு அப்போது வயது எண்பது. அவர் காதுக்குப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கரிக்கோடு:

நான் இன்னும் வடிவம்தான் முதல் என்ற கட்சியிலேயே இருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் யார் தின்கிறார்கள் என்று கேட்டவன் என்ற முறையில் ஒரு படத்தைச் சேர்த்தாக வேண்டும். பிசாரோவின் இன்னொரு ஆப்பிள் அறுவடை, 1886. மூன்று பெண்கள். ஒருத்தி கழியோடு மரத்தை உலுக்குகிறாள், ஒருத்தி பொறுக்குகிறாள், மூன்றாமவள் வேலைக்கு நடுவில் ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளைத் தோட்டத்தைவிட்டுத் துரத்தவில்லை. பிசாரோ அரசும் அதிகாரமும் வேண்டாம் என்ற அராஜகவாதத்தில் ஊறியவர், கூலிக்காரி தின்பதை அவர் தற்செயலாக வரைந்தார் என்று நான்கூடச் சொல்ல மாட்டேன்.

படம் ஜப்பானில், குராஷிகி ஓஹாரா அருங்காட்சியகத்தில். தூரிகை சொன்ன கோகனின் 1892 ஏவாளும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறாள். ஒசாகாவில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் இங்கே உண்டே, இழையைப் படிக்கிறாரா?

ஒசாகாவாசி:

படிக்கிறேன், படிக்கிறேன். அடுத்த மாதம் ஒகயாமா பக்கம் போகிற வேலை இருக்கிறது, குராஷிகி அங்கிருந்து ரயிலில் கிட்டத்தான். இரண்டும் ஒரே அறையில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன். கழிக்காரியின் பிடியை மலைத்தோட்டத்துக்காகத் தனியாகக் கவனிக்கிறேன். வேறு யாருக்காவது எதையாவது பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் இங்கேயே போட்டுவையுங்கள்.